கோத்தகிரிச் சரிவில் ஏழு வகை சால்வியா

எங்கள் வீட்டுக்குப் பின்னால், தேயிலை தொடங்கும் முன், ஒரு சரிவு இருக்கிறது. கல் அடுக்கி மூன்று படியாகப் பாத்தி கட்டியிருக்கிறோம். மொத்தமாகச் சேர்த்தால் நான்கு சென்ட் தேறும். 1994-ல் கல்யாணமாகிக் கோத்தகிரிக்கு வந்தபோது அந்தச் சரிவில் பூச்செடி என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான், என் மாமியார் வைத்த ஊதா சால்வியா. அதன் பெயர் அவருக்குத் தெரியாது, ‘வெல்வெட்டுப் பூ’ என்பார். நவம்பர் மழை விட்டு வெயில் எட்டிப் பார்க்கும் நாளில் செடி முழுக்க ஊதாவாக நிற்கும், தேன்சிட்டுகள் கீச்சிட்டுக்கொண்டே வந்து தொங்கும். பிப்ரவரியில் அவர் அரிவாளோடு போய் அத்தனையையும் தரையோடு வெட்டிவிட்டு வருவார். எனக்கு வயிறு எரியும்.

“ஏன் அத்தை இப்படி மொட்டையடிக்கிறீங்க?”

“வெட்டினாத்தான் கண்ணு அடுத்த வருசம் பூக்கும். தேயிலையக் கவாத்துப் பண்றதில்லையா?”

இன்றைக்கு அதே சரிவில் ஏழு வகை சால்வியா வைத்திருக்கிறேன். அவர் அன்றைக்குச் சொன்னதுதான் ஏழுக்கும் பொது. சால்வியா புதுத் தளிரின் நுனியில் பூக்கிற செடி. பழைய கட்டையில் பூ வராது. வெட்டப் பயப்படுகிறவர்கள் வீட்டில் அது வருசத்துக்கு வருசம் குச்சியும் இலையுமாகத்தான் உயரும். “சால்வியா ஒரு தடவைதான் பூத்தது, அப்புறம் போச்சு” என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “கடைசியா எப்போ வெட்டினீங்க?” என்றுதான்.

அடுத்துக் கேட்பது, “எந்த சால்வியா?”

சால்வியா என்பது ஒரு செடியின் பெயரல்ல

துளசி, புதினா, ஓமவல்லி, திருநீற்றுப்பச்சிலை எல்லாம் சேர்ந்த குடும்பத்தில் சால்வியா ஒரு பேரினம். அதற்குள் 1,000-ஐ ஒட்டிய இனங்கள் இருக்கின்றன. துளசித் தண்டை விரலில் உருட்டினால் நான்கு மூலை தட்டுப்படும் அல்லவா, சால்வியாவிலும் அப்படித்தான். இலைகள் எதிர் எதிராக ஜோடி ஜோடியாக வரும். இந்த ஜோடியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கவாத்துக்கு இதுதான் கணக்கு. கடையில் விற்கிற சியா விதை ஒரு சால்வியாதான். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் விற்பனைக்கு வளர்க்கிற ரோஸ்மேரியையும் தாவரவியலாளர்கள் இப்போது சால்வியாவுக்குள் சேர்த்துவிட்டார்கள்.

இப்படிப் பரந்து கிடப்பதால் ‘சால்வியாவுக்கு என்ன வெயில், எவ்வளவு தண்ணீர்’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. பிரேசிலின் மலைக்காட்டு ஓரத்திலிருந்து வந்ததும், டெக்சாஸின் காய்ந்த நிலத்திலிருந்து வந்ததும், மெக்சிகோவின் உயரமான மலைகளிலிருந்து வந்ததும், மத்தியதரைக்கடல் ஓரத்துச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து வந்ததும் ஒரே பாத்தியில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. செடி எந்த ஊர்க்காரி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மண்

பெரும்பாலும் எல்லா சால்வியாவும் வெறுக்கிற விஷயம் ஒன்று உண்டு: வேரில் தண்ணீர் நிற்பது. எங்களுக்கு ஜூனில் தென்மேற்கும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கும் இரண்டுமே பெய்யும். கோத்தகிரிக்கு வடகிழக்குதான் பலமானது. அதனால் பாத்தியை ஒரு சாண் உயர்த்திக் கட்டி, கீழே உடைகல் பரப்பியிருக்கிறேன்.

தேயிலை வளர்கிற மண் புளிப்பான மண். கார அமிலக் குறியீடு (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலைக்குக் கொண்டாட்டம், சால்வியாவுக்கோ 6-க்கு மேலே இருக்க வேண்டும். முதல் இரண்டு வருசம் எனக்கு இது தெரியாது. செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை, இலை வெளிறி அப்படியே நின்றது. இப்போது நடுவதற்கு ஒரு மாதம் முன்னால் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கொத்திவிடுகிறேன். தொழு உரத்தை அதோடு சேர்த்துப் போடுவதில்லை. நடுகிற வாரம்தான் உரம், அதுவும் நன்றாக மக்கியது. சமவெளியில் இந்தச் சுண்ணாம்பு வேலை பெரும்பாலும் வேண்டியதில்லை.

தொட்டியில் வைப்பவர்களுக்கு: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. யூரியா மட்டும் வேண்டவே வேண்டாம். இலை கொழுத்து, தண்டு நீண்டு, காற்றுக்கு முறியும். பூவும் குறையும்.

விதை போடுவது

என் ஏழு வகையில் விதையிலிருந்து வளர்க்கத் தக்கவை மூன்று (ஒவ்வொன்றையும் பற்றிக் கீழே சொல்கிறேன்): சிவப்பு ஸ்ப்ளெண்டன்ஸ், காக்சினியா, நீல ஃபாரினேசியா. மற்ற நான்கையும் குச்சி நட்டு வளர்ப்பதுதான் சுலபம்.

ஊறப்போட வேண்டாம். பல சால்வியா விதைகள் ஈரம் பட்டதும் சப்ஜா போலக் கோழை கட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரித்து எடுக்க முடியாது. சலித்த தென்னைநார்க் கழிவையும் மண்புழு உரத்தையும் கலந்து குழித்தட்டில் நிரப்புங்கள். தண்ணீர் தெளித்து, குழிக்கு இரண்டு விதை வீதம் மேலாக வைத்து விரலால் லேசாக அழுத்துங்கள். முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் ஆழமாக மூடக் கூடாது. மேலே நார்த்தூள் ஒரு சிட்டிகை போதும்.

20 முதல் 24 டிகிரி வரை வெப்பம் இருந்தால் 8 நாளிலிருந்து 14 நாளுக்குள் முளைத்துவிடும். ஜனவரியில் எங்கள் ஊர் ராத்திரிக்கு இது எட்டாது. நான் தட்டை அடுப்படி ஜன்னல் திண்டில் வைத்து மேலே ஒரு கண்ணாடித் தகடு மூடுவேன். காலை வெயிலும் உண்டு, சமையல் சூடும் உண்டு. முளை தெரிந்த அன்றே கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் நாற்றழுகல் வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாய் இளைத்து, ஒரே ராத்திரியில் வரிசையாகச் சாய்ந்து கிடக்கும். ஒரு வருசம் 60 நாற்றில் 11 மட்டும் மிஞ்சியது. அன்றிலிருந்து நிரப்பும் கலவையிலேயே கொஞ்சம் டிரைக்கோடெர்மா (அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை) கலந்துவிடுகிறேன், தண்ணீரையும் மேலே ஊற்றாமல் தட்டைத் தண்ணீரில் உட்கார வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிடுகிறேன்.

முதலில் விரியும் விதையிலையைச் சேர்க்காமல் இரண்டு ஜோடி இலை வந்ததும் காகிதக் கப்புக்கு மாற்றம். மூன்றாவது ஜோடி விரிந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழே இலை ஜோடியாக இருக்கிறது, ஒவ்வொரு இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு தூங்கிக்கொண்டிருக்கிறது. நுனி போனதும் இரண்டும் விழித்துக்கொள்ளும். ஒரு கதிர் வரவேண்டிய இடத்தில் இரண்டு வரும். அவற்றையும் ஒரு தடவை கிள்ளினால் நான்கு. அதற்கு மேல் கிள்ளிக்கொண்டே போனால் பூ தள்ளிப் போகும், இரண்டோடு நிறுத்திவிடுவேன்.

நாற்றங்காலில் பூத்த நாற்றாக வாங்குவீர்கள் என்றால் ஒரு வார்த்தை. கண்ணைப் பறிக்கிற மாதிரி சிவப்பாகத்தான் வைத்திருப்பார்கள். கப்பைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். அடி ஓட்டையில் பழுப்பு வேர் சுருண்டு வெளியே வந்திருந்தால் எடுக்காதீர்கள். நான் அப்படி வாங்கிய 20 நாற்றும் நட்ட இடத்தில் அதே அளவில் நின்று முதுமையடைந்து போயின. நல்ல நாற்றாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பூவைக் கிள்ளிவிட்டு நடுங்கள். மனசு கேட்காதுதான். மூன்று வாரம் பொறுத்தால் மூன்று கதிரோடு வரும்.

சிவப்பு ஸ்ப்ளெண்டன்ஸ்

ஊர் உலகத்தில் ‘சால்வியா’ என்றால் இதுதான். ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவில் மே மாத மலர்க் கண்காட்சிக்குப் போனவர்கள் பாத்தி பாத்தியாகச் சிவப்பைப் பார்த்திருப்பீர்கள். 1848-ல் தொடங்கிய பூங்கா. அந்தப் பாத்திகளில் எல்லாச் செடியும் ஒரே உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள். பிரேசிலில் இதன் மூலச் செடி ஆள் இடுப்பைத் தாண்டி வளரும். நம் கைக்கு வருவது ஓர் அடியில் நிற்கும்படி தேர்ந்தெடுத்து வளர்த்த குட்டை ரகம்.

விதைத்துப் பூக்க ஏறக்குறைய மூன்று மாதம். மலையில் மே மாதம் பூ வேண்டுமென்றால் ஜனவரி கடைசியில் விதைக்க வேண்டும். சமவெளியில் கணக்கே வேறு. என் தங்கை மதுரையில் இருக்கிறாள், மொட்டைமாடித் தோட்டம். முதல் தடவை என்னைப் பார்த்து அவளும் ஜனவரியில் போட்டாள். ஏப்ரலில் போன் வந்தது: “அக்கா, மொட்டு வந்துச்சு, வந்த வேகத்துல கருகிடுச்சு.” மதுரை ஏப்ரல் வெயிலை இந்தச் செடி தாங்காது. இப்போது செப்டம்பர் கடைசியில் விதைக்கிறாள், தட்டை மழைக்கு மறைவாக வைத்து நவம்பர் கடைசியில் நடுகிறாள், பொங்கலுக்கு மாடி சிவப்பாக இருக்கிறது. மார்ச்சில் பிடுங்கிவிட்டு அந்தத் தொட்டியில் கீரை போடுகிறாள்.

இந்தச் செடியில் பூ என்று நாம் பார்ப்பதில் பாதி பூவே இல்லை. நீளக் குழல் மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் பூ. அது சில நாளில் உதிர்ந்துவிடும். அதைத் தாங்கிய மணி வடிவப் புல்லிவட்டம் சிவப்பாகவே வாரக்கணக்கில் நிற்கும். அதனால் கதிரை எப்போது வெட்டுவது என்று புதியவர்களுக்குத் தெரிவதில்லை. கதிரின் அடி மணிகள் நிறம் மங்கிச் செங்கல் மாதிரி ஆகிவிட்டால் நேரம் வந்துவிட்டது. கதிருக்குக் கீழே முதல் நல்ல இலை ஜோடிக்கு மேலாக வெட்டுங்கள். வெறும் கதிரை உருவி எடுத்தால் போதாது.

குழலைப் பிடுங்கி அடியை உறிஞ்சினால் ஒரு துளி தேன் வரும். எங்கள் தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது இதற்காகவே வேலியில் கை நீட்டுவார்கள். அதனால் அந்தப் பாத்திக்கு மருந்து என்று எதுவும் தெளிப்பதில்லை.

சமவெளிக்குச் சொன்னால் கேட்கிற இரண்டு

காக்சினியா அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிச் செடி. ஸ்ப்ளெண்டன்ஸ் போல அடர்த்தி கிடையாது. மெல்லிய கதிர், சின்னச் சிவப்புக் குழல்கள், இடையிடையே காற்று. இரண்டு, இரண்டரை அடி வளரும். அலட்சியமாகப் பார்த்தால் களை போலத்தான் தெரியும். ஆனால் தேன்சிட்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதைத்தான் அதிகம் பிடிக்கிறது. ஒரு தடவை விதைத்தால் போதும், உதிர்ந்த விதையில் தானே முளைக்கும். மதுரை மாடியில் மே மாதத்திலும் பூத்தது இது ஒன்றுதான், மதியத்துக்கு மேல் சுவர் நிழல் விழும் இடத்தில். விதை எடுக்க வேண்டுமானால் சுணங்கக் கூடாது. புல்லிவட்டம் வைக்கோல் நிறமானதும் உள்ளே இருக்கும் நான்கு விதையும் தட்டினாலே கொட்டிவிடும். நான் காயும் கதிருக்கு மெல்லிய துணிப் பை கட்டிவிடுவேன்.

நீல சால்வியா என்று விற்பது ஃபாரினேசியா. டெக்சாஸ், மெக்சிகோ பக்கத்துச் செடி. அந்தப் பெயருக்கே மாவு படிந்தது என்றுதான் பொருள். தண்டையும் புல்லிவட்டத்தையும் கிட்டத்தில் பாருங்கள், திருநீறு பூசினாற்போல் வெள்ளையாக இருக்கும். ஓர் அடி இடைவெளியில் கூட்டமாக நட்டால்தான் அழகு. தனியாக ஒன்று நின்றால் கண்ணில் படாது. வெட்டிக் குவளையில் வைத்தால் ஒரு வாரம் நிற்கும். தலைகீழாகக் கட்டிக் காயவைத்தால் நீலம் அப்படியே தங்கும்.

இந்தப் பூவில் ஒரு வேடிக்கை இருக்கிறது. காலை 10 மணி வெயிலில் பாத்தி ஓரம் உட்கார்ந்து ஒரு தேனீயைப் பின்தொடருங்கள். கீழ் உதட்டில் இறங்கி, தேனுக்காகத் தலையை உள்ளே திணிக்கும். உள்ளே வழியை மறித்தாற்போல் மகரந்தத் தண்டின் கீழ்க்கை நிற்கிறது. தலை அதை முட்டியதும் கிணற்று ஏற்ற மரம் போல அதன் மேல் கை இறங்கி வந்து தேனீயின் முதுகில் மகரந்தத்தைத் தடவும். தேனீ பின்வாங்கியதும் அந்தக் கை பழைய இடத்துக்கே போய்விடும். ஒரு புல் ஈர்க்கை மெதுவாக உள்ளே விட்டு நீங்களே பார்க்கலாம். நான் முதலில் இதைப் பார்த்த அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

அத்தையின் ஊதா: லூகாந்தா

மெக்சிகோச் செடி. நீண்ட சாம்பல் பச்சை இலை, அடிப்பக்கம் வெள்ளைச் சுணை. நாலடி உயரம், அதே அளவு அகலம். செடிக்குச் செடி ஒரு மீட்டராவது விட வேண்டும். வெல்வெட்டாகத் தெரியும் ஊதா புல்லிவட்டம், அதிலிருந்து எட்டிப்பார்க்கும் வெள்ளைதான் பூ. மலைக்காரர்கள் ஒன்றே ஒன்று வைப்பதென்றால் இதை வையுங்கள். வெயில் வேண்டும், வேர் பிடித்த பிறகு தண்ணீர் அதிகம் வேண்டாம். எங்கள் பக்கம் ராத்திரியில் வரும் காட்டுமாடு டேலியாவையும் ரோஜாத் தளிரையும் வழித்துவிட்டுப் போகும். இதை இதுவரை வாய் வைத்ததில்லை. வாசனை பிடிக்கவில்லை போல.

காட்டுமாட்டுக்காகத்தான் ஒரு வருசம் வாசல் தூணில் எல்.இ.டி. விளக்கு மாட்டினோம். ராத்திரி முழுக்க எரியும். அந்த நவம்பரில் வேலியோரம் இருந்த மூன்று லூகாந்தாவில் இரண்டு பூத்துக் குலுங்கின, விளக்குக்கு அடியில் இருந்தது மட்டும் பச்சையாகவே நின்றது. வேரில் புழுவோ என்று கிளறிப் பார்த்தேன். சாம்பல் போட்டேன், மண்புழு உரம் போட்டேன். இலை இன்னும் செழித்ததே தவிர ஒரு மொட்டு இல்லை. டிசம்பர் நடுவில் களை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்ணில் பட்டது. செடியின் பின்பக்கம், தூணின் நிழல் விழும் ஒரு முழத்துக்கு மட்டும் ஊதாக் கதிர்கள் வந்திருந்தன.

லூகாந்தா இரவின் நீளத்தைக் கணக்கு வைத்துப் பூக்கிற செடி. இரவு நீண்டால்தான் மொட்டு கட்டும். நம் மலையில் வருசத்தின் நீளப் பகலுக்கும் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஒன்றே கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தச் சின்ன மாற்றத்தையும் அது பிடித்துக்கொள்கிறது. நடு ராத்திரியில் விளக்கு எரிந்தால் அதற்கு இன்னும் கோடைகாலம். விளக்குக்கு ஒரு தகரக் குல்லாய் போட்டு வெளிச்சத்தைப் பாதைப் பக்கம் திருப்பினோம். அடுத்த நவம்பரில் மூன்றும் ஒன்றாகப் பூத்தன. உங்கள் லூகாந்தா பூக்கவில்லையென்றால், உரம் வாங்கப் போகும் முன் ராத்திரி ஒரு தடவை வெளியே வந்து அதன் மேல் எந்த விளக்கு விழுகிறது என்று பாருங்கள். தெருவிளக்கும் இதைச் செய்யும்.

மீதி மூன்றும், வராத ஒன்றும்

குவாரனிடிகா தென்னமெரிக்காச் செடி. கருநீலப் பூ, என்னிடம் இருக்கும் ரகத்தில் புல்லிவட்டம் கறுப்பு. அரை நிழலிலும் பூக்கும், என் ஏழு சால்வியாவிலும் இதுதான் தண்ணீரை அதிகம் பொறுக்கும். மண்ணுக்கடியில் கிழங்கு மாதிரி வேர் விட்டுப் பக்கத்தில் பரவும். இரண்டு வருசத்துக்கு ஒரு தடவை மண்வெட்டியால் ஓரம் பிடிக்காவிட்டால் அடுத்த செடியின் இடத்துக்கு வந்துவிடும். பெரிய கருவண்டு இந்தப் பூவுக்குள் நுழைய முடியாமல் குழலின் அடியில் ஓட்டை போட்டுத் தேனை எடுத்துப் போகும். ஓட்டை விழுந்த பூவைப் பார்த்துப் பூச்சி நோய் என்று பயப்பட வேண்டாம்.

எலிகன்ஸ் அன்னாசி சால்வியா. இலையைக் கசக்கினால் அசல் அன்னாசி வாசனை. எலுமிச்சைச் சாற்றில் இரண்டு இலை போட்டு வைப்போம். இதுவும் இரவு நீளும் காலத்தில்தான் சிவப்பாகப் பூக்கும். தண்டு சட்டென்று முறியும், காற்று வீசும் மேட்டில் வைக்காதீர்கள், மூங்கில் குச்சி ஊன்றிக் கட்டுங்கள்.

மைக்ரோஃபில்லா சின்ன இலை, கட்டைத் தண்டு, புதர் மாதிரி. ‘ஹாட் லிப்ஸ்’ என்ற ரகத்தை பெங்களூரு லால்பாக் மலர்க் கண்காட்சிக்குப் போனபோது வாங்கி வந்தேன். மேல் வெள்ளை, கீழ் உதடு சிவப்பு. ஒரே செடியில் முழுச் சிவப்பும் வரும், முழு வெள்ளையும் வரும். வெயில் ஏறும் மாதங்களில் சிவப்பு கூடுகிறது. ரகம் மாறிவிட்டது என்று நினைத்து ஒரு தடவை பிடுங்கவே போனேன்.

சமையலுக்கான சேஜ், அதாவது அஃபிசினாலிஸ், மத்தியதரைக்கடல் செடி. பாத்தியில் இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் அக்டோபர் மழையில் அழுகிப் போயிற்று. இப்போது மண்தொட்டியில், பாதிக்குப் பாதி கல்லும் மணலும் போட்டு, தாழ்வாரத்தின் கீழே மழை படாமல் வைத்திருக்கிறேன். பூப்பதில்லை, இலை கிடைக்கிறது. அதை ஏழில் சேர்க்கவில்லை.

கவாத்து

எல்லாவற்றையும் ஒரே மாதிரி வெட்டக் கூடாது. இதில்தான் பலர் தவறுகிறார்கள்.

லூகாந்தா, குவாரனிடிகா, எலிகன்ஸ் மூன்றும் அடியிலிருந்து புதுத் தண்டு எழுப்புகிறவை. பூ முடிந்ததும் குனிந்து அடியைப் பாருங்கள். மண்ணை ஒட்டிப் பச்சைத் தளிர்கள் விரல் உயரம் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருந்தால் பழைய தண்டு அத்தனையையும் நான்கு விரல்கடை விட்டு வெட்டிவிடலாம். எழவில்லையென்றால் ஒரு முழம் விட்டு மேலே மட்டும் வெட்டி இரண்டு வாரம் காத்திருங்கள். உறைபனி விழும் பள்ளத்தில் இருப்பவர்கள் பனி முடியும்வரை வெட்டவே வேண்டாம். காய்ந்த பழைய தண்டுதான் அடித்தளிருக்குப் போர்வை.

மைக்ரோஃபில்லாவைத் தரையோடு வெட்டினால் செத்துப் போகலாம். அது கட்டைச் செடி. மூன்றில் ஒரு பங்கு மட்டும், இலை இருக்கும் இடத்தில் வெட்ட வேண்டும். இலையில்லாத பழுப்புக் கட்டைக்குள் கத்தி இறங்கக் கூடாது. சேஜுக்கும் இதுதான்.

நீல ஃபாரினேசியாவுக்கு ஒவ்வொரு பூ அலைக்குப் பிறகும் பாதி உயரத்துக்கு. ஆறு வாரத்தில் அடுத்த அலை வரும்.

கத்தியைச் சாணை பிடித்து, ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் டெட்டால் துணியால் துடைத்துக்கொள்வேன். சதுரத் தண்டு மொண்ணைக் கத்தியில் நசுங்கும், நசுங்கிய இடத்தில் அழுகல் ஏறும். வெட்டிய வாரம் தண்ணீரைக் குறைத்து, தளிர் நகர்ந்த பிறகு ஒரு கூடை மக்கிய உரம் போடுவேன்.

பூச்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இளநாற்றுக்கு நத்தை எதிரி, இருட்டியபின் டார்ச்சோடு போய்ப் பொறுக்குவதைவிட நல்ல வழி நான் காணவில்லை. மதுரையில் வெள்ளை ஈ வரும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்தில், இலையின் அடிப்பக்கம் படும்படி. நெருக்கமாக நட்டால்தான் சாம்பல் நோய் வரும், ஆகவே இடைவெளி விடுங்கள்.

குச்சி

வெட்டியதை எரிக்காதீர்கள். பூ வராத இளந்தண்டாகப் பார்த்து, மூன்று கணு இருக்கும்படி 10 சென்டிமீட்டருக்கு நறுக்குங்கள். அடி வெட்டு ஒரு கணுவுக்கு நேர்கீழே இருக்கட்டும், வேர் அங்கிருந்துதான் இறங்கும். கீழ் இரண்டு கணுவின் இலைகளைக் கிள்ளி, மேல் இலைகளைப் பாதியாக வெட்டிவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் சரிபாதி கலந்த தொட்டியின் ஓரத்தை ஒட்டிச் சொருகுங்கள். நடுவில் சொருகியதைவிட ஓரத்தில் சொருகியவை எனக்குச் சீக்கிரம் வேர்விடுகின்றன. நிழலில் வைத்து, ஈரம் காயாமல், சொதசொதவென்றும் ஆகாமல் பார்த்துக்கொண்டால் மூன்று வாரம். லேசாக இழுத்துப் பார்த்து எதிர்த்தால் வேர் பிடித்தாயிற்று.

வருசா வருசம் பிப்ரவரியில் 30, 40 லூகாந்தா குச்சி போடுகிறேன். கேட்டவர்களுக்குக் கொடுக்க வேண்டும் அல்லவா. மாமியார் போன பிறகும் கேட்டு வருகிறவர்கள் “அந்த வெல்வெட்டுப் பூ” என்றுதான் கேட்கிறார்கள். தூரம் போகிறவர்களுக்கு வேர்விட்ட குச்சியை மண்ணோடு தர மாட்டேன், வழியில் குலுங்கி மண் உதிர்ந்தால் சன்ன வேர் அறுந்துவிடும். வேரை ஈரத் தேங்காய் நாரில் பொதிந்து, தினத்தாளில் சுற்றி, மேல் இலைகள் வெளியே தெரியும்படி பிளாஸ்டிக் பையில் கட்டித் தருகிறேன். பேருந்தில் ஜன்னலோரம் வைக்காமல் காலடி நிழலில் வைத்துப் போனால் இரண்டு நாள் தாங்கும். வீட்டுக்குப் போனதும் முதல் ஒரு வாரம் வெயிலில் வைக்காதீர்கள்.